கதையா? ஆட்டமா?
காணொலி விளையாட்டுகள் குறித்து ஒரு சிந்தனை

விளையாட்டை நம் இலக்கண ஆசிரியர்கள் எளிதாக எண்ணி ஒதுக்கியதில்லை. உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை மெய்ப்பாட்டியலில் வைத்தவர் தொல்காப்பியர். கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டு எனப் பொருள் தந்தவரும் அவரே. ஞா. தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்று தனிநூலே யாத்தளித்தார். இருந்தும் கைப்பேசித் திரையில் நிகழும் இன்றைய விளையாட்டைப் பற்றி வகுப்பறையில் வாய் திறக்க நாம் தயங்குகிறோம். பேச நேர்ந்தாலும் ‘கண் கெடும், காலம் கெடும்’ என்ற இரண்டு வரியோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். அவ்வறிவுரை பொய்யன்று. ஆனால் அறிவுரை வேறு, திறனாய்வு வேறு. நாவலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் திறனாய்வு செய்யப் பழகிய தமிழ் மாணவன், தன் கையிலிருக்கும் கருவியில் நாள்தோறும் கண்டு களிக்கும் ஒன்றை மட்டும் ஆராயாமல் விடுவது எங்ஙனம் முறையாகும்?

காணொலி விளையாட்டில் விஞ்சி நிற்பது கதையா, ஆட்டமா என்பது ஒரு நல்ல பட்டிமன்றத் தலைப்பு. பட்டிமன்ற நடுவர்களின் வழக்கம் நாம் அறிந்ததே. இரு அணியினரும் தொண்டை வற்றப் பேசிய பின்னர், ‘வண்டிக்கு இரண்டு சக்கரமும் வேண்டும்’ என்று தீர்ப்பளித்துச் சால்வையை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். அத்தகைய தீர்ப்பை இங்கு வழங்க எனக்கு விருப்பமில்லை. ஆட்டமே முதன்மையானது என்பது என் துணிபு. ஆட்டத்தின் விதிக்குள் புகுந்து உயிர்பெறாத கதை, பாத்திரத்தின் மேல் ஒட்டிய வண்ணத்தாளுக்கு ஒப்பானது. கதைப் பக்கம் நிற்பவர்களுக்கும் வலுவான சான்றுகள் உண்டு. அவற்றுள் தலையாயதொரு சான்று நம் தமிழிலேயே இருக்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஈண்டு ஆட்டம் என்று நான் குறிப்பது, ஆடுபவர் தம் கையால் செய்வன அனைத்தையும்: விதி, அவ்விதிக்குள் அவர் செய்யும் தேர்வு, முயற்சி, தவறினால் வரும் இழப்பு ஆகியவற்றை. கதை என்பது மாந்தரும் நிகழ்ச்சிகளும் அவற்றின் முன்பின்னும். ஆங்கிலம் வழி இத்துறை பயில்வோர் முன்னதைக் ‘கேம்ப்ளே’ என்பர். ஆட்டம் என்ற சொல்லே நமக்குப் போதும்.

ஏரியூர் தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்துக்கும் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கும் இடைப்பட்ட ஊர். நாகமரைத் துறையில் பரிசலோ படகோ ஏறினால் அக்கரையில் பண்ணவாடி. மழையை நம்பிய புன்செய் நிலமும் ஆடு வளர்ப்பும் அப்பகுதி மக்களின் வாழ்க்கை. அத்தகைய ஊர்களில் ஆடு மேய்ப்பவர்கள் பாறையில் கட்டம் கீறி ஆடிய ஆட்டம் ஒன்று உண்டு. அதுவே ஆடுபுலி ஆட்டம். ஒருவர் கையில் மூன்று புலிகள். மற்றவர் கையில் பதினைந்து ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு மடியும். ஆட்டுக்குத் தாண்டும் உரிமை இல்லை, நகரலாம், அவ்வளவே. ஆயினும் ஆடுகள் ஒன்றையொன்று விட்டு விலகாமல் நெருங்கி நின்று வழிகளை அடைத்தால் புலிகள் மூன்றும் அசைய முடியாமல் சிறைப்படும்.

இதில் கதை எங்கே இருக்கிறது? புலிக்கொரு பெயரில்லை, ஆட்டுக்கொரு வரலாறில்லை. கல்லும் புளியங்கொட்டையுமே கதைமாந்தர். ஆனால் இரண்டு முறை ஆடிய சிறுவன் எவனும், வலிமை குறைந்தோர் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்கிறான். தனித்துப் போன ஆடு என்ன ஆகும் என்பதும் அவனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. மாலையில் மந்தையை ஓட்டிவரும்போது பின்தங்கிய குட்டியைத் திரும்பிப் பார்க்கும் அந்தக் கண்ணுக்கும் இந்த ஆட்டத்துக்கும் இடையே உள்ள உறவை எந்தக் கதாசிரியரும் எழுதி வைக்கவில்லை. விதியே அதைச் சொல்லிவிடுகிறது.

இனி அதே ஊர்ப்பக்கத்தின் இரவுகளை எண்ணிப் பார்க்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் தெருக்கூத்துக்குப் பெயர்பெற்றவை. ‘பகடை துகில்’ ஆடுகிறார்கள் என்றால் விடியும்வரை ஊர் கண்விழித்திருக்கும். சகுனியின் பகடை எப்படி விழும் என்பது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தருமன் தோற்பான்; திரௌபதி அவைக்கு இழுத்துவரப்படுவாள். முடிவு தெரிந்த கதைக்கு ஏன் இத்தனை கூட்டம்? கதைக்காகவே கூடுகிறார்கள் என்பது உண்மையானால், ஒருமுறை கேட்டதோடு முடிந்திருக்க வேண்டும். கட்டியங்காரனின் நையாண்டிக்கும், வேடதாரியின் அடவுக்கும், அன்றைய இரவின் குரலுக்குமே மக்கள் அமர்ந்திருக்கிறார்கள். பாரதக் கூத்தின் நிறைவில் நிகழும் படுகளத்தில் இது இன்னும் தெளிவாகும். மண்ணால் பேருருவாகச் செய்து கிடத்தப்பட்ட துரியோதனனைச் சுற்றிக் கூத்து நிகழும்போது, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்வையாளராக நின்றுவிடுவதில்லை. பெண்கள் துடைப்பம் ஏந்தி வருவதும், திரௌபதியின் விரித்த கூந்தல் முடிக்கப்படுவதும் ஊரே உட்புகுந்து செய்யும் செயல்கள். கேட்ட கதை அங்கே கைச்செயலாகிவிடுகிறது.

கூத்தைச் சான்றாகக் காட்டினால், ‘கதை இல்லாமல் கூத்து ஏது?’ என்று எதிரணியினர் வினவலாம். நியாயமான வினாவே. விடையைச் சதுரங்கத்தில் தேடுவோம்.

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையின் பெயரால் அமைந்தது சதுரங்கம். இந்தியாவில் பிறந்த அவ்விளையாட்டு பாரசீகத்துக்குச் சென்று ‘சத்ரங்’ ஆயிற்று. அரபு மொழியில் ‘சத்ரஞ்ச்’ ஆயிற்று. பக்தாத்தை ஆண்ட அப்பாசியக் கலீபாக்களின் அவையில் அதற்கிருந்த மதிப்பு பெரிது. 9ஆம் நூற்றாண்டில் அல் அத்லீயும் 10ஆம் நூற்றாண்டில் அஸ்ஸூலீயும் இவ்வாட்டத்தைப் பற்றி நூல்களே எழுதினர். அஸ்ஸூலீ விட்டுச்சென்ற ஓர் ஆட்டச் சிக்கலுக்கு விடை காண ஆயிரம் ஆண்டுகள் ஆயின என்பர். அங்கிருந்து ஆட்டம் ஐரோப்பா சென்றது. ‘ஃபீல்’ என்று அரபியர் அழைத்த யானை ஆங்கிலேயர் கையில் கிறித்தவ ஆயராக மாறியது. மன்னனுக்கு அருகிலிருந்த அமைச்சர் அரசியானார். தேர் கோட்டையாயிற்று. எத்தனை மாற்றம்! இந்தியப் போர்க்களம் என்ற கதை முழுவதும் கரைந்துபோய்விட்டது. ஆட்டம் மட்டும் கரையவில்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசிக்கு எத்திசையும் எத்தனை கட்டமும் செல்லும் ஆற்றல் அளிக்கப்பட்டபோதுதான் சதுரங்கம் உண்மையாகவே வேறொரு விளையாட்டாயிற்று. பெயர் மாறியபோது ஆட்டம் மாறவில்லை. விதி மாறியபோது மாறிற்று. இதனினும் தெளிவான சான்றை நான் அறியேன்.

கணினித் திரைக்கு வருவோம். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய ‘டெட்ரிஸ்’ விளையாட்டில் மேலிருந்து விழும் கட்டங்களைத் தவிர ஏதுமில்லை. கதை என்று ஒரு சொல்லும் கிடையாது. உலகம் அதனை இன்றும் விடவில்லை. 1993இல் அமெரிக்காவில் வெளியான ‘டூம்’ விளையாட்டின் பின்னணியில் நம் பட்டிமன்றமே நடந்திருக்கிறது. டாம் ஹால் என்ற வடிவமைப்பாளர் அவ்விளையாட்டுக்கு மாந்தர், உலகம், நிகழ்ச்சிகள் என விரிவான கதைக்குறிப்பு ஒன்றை எழுதினார். உடனிருந்தவர்கள், குறிப்பாக நிரலாளர் ஜான் கார்மாக், கதை தேவையில்லை. வேகமான ஆட்டமே போதும் என்ற கொள்கையினர். குறிப்பின் பெரும்பகுதி ஒதுக்கப்பட்டது. டாம் ஹால் விளையாட்டு முடியும் முன்பே நிறுவனத்தை விட்டு வெளியேறினார். ‘டூம்’ பெற்ற வெற்றி நாடறிந்தது.

பல்கலைக்கழக அறிஞர்களும் இதில் அணி பிரிந்தனர். 1997இல் ஜேனட் மர்ரே கணினி வழிப் பிறக்கும் புதிய கதைகூறலைப் பற்றி நூல் எழுதினார். அதே ஆண்டில் நார்வே நாட்டின் எஸ்பென் ஆர்செத், வாசகர் தம் முயற்சியால் கடந்துசெல்ல வேண்டிய பனுவல்களைப் பற்றி எழுதினார். விளையாட்டைக் கதையின் அளவுகோலால் அளக்கலாமா, கூடாதா என்ற வழக்கு அதன்பின் பல்லாண்டு நீண்டது. அது நமக்கு இத்துடன் போதும்.

ஏரியூரில் இந்த வழக்கு வேறுவிதமாகத் தீர்ந்துவிட்டது. 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் இணையவழி வகுப்புக்கென்று வீடுதோறும் கைப்பேசி வந்தது. வகுப்பு முடிந்த பின்னும் கைப்பேசி பிள்ளைகள் கையிலேயே தங்கிவிட்டது. விலை குறைந்த கைப்பேசியிலும் இயங்கும் என்பதால் ‘ஃப்ரீ ஃபயர்’ சிற்றூர்களில் வேரூன்றியது. ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்க வேண்டும். இறுதிவரை எஞ்சுபவரே வென்றவர். ஓர் ஆட்டம் ஏறத்தாழப் பத்து நிமிடம். 2022 பிப்ரவரியில் நடுவண் அரசு அதனைத் தடை செய்தபோது ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ என்ற அதன் மறுவடிவத்துக்குப் பிள்ளைகள் மாறிக்கொண்டனர். அத்தீவு யாருடையது, எதற்காக அங்கே சண்டை என்று கேட்டால் ஆடும் பிள்ளைகளுள் ஒருவருக்கும் தெரியாது. கேட்பவரை விந்தையாகப் பார்ப்பார்கள். ஆனால் மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் நின்று கேளுங்கள். ‘அவன் கூரைமேல ஒளிஞ்சிருந்தான், எனக்குக் குண்டு தீர்ந்துபோச்சு, இவன் வண்டியெடுத்து வந்து காப்பாத்தினான்’ என்று வரிசையாகக் கதைகள் பிறக்கும். எழுதிக் கொடுத்த கதை இல்லாத இடத்தில் ஆடியவர்களே கதை படைத்துக்கொள்கிறார்கள். ஆட்டம் கதையை ஈனும். கதை ஆட்டத்தை ஈனுவதில்லை. (இவ்விளையாட்டில் பொழுதும் பெற்றோர் பணமும் கரைவதை நான் அறிவேன். அது தனிக்கட்டுரைக்கு உரியது.)

இதுவரை கூறியவற்றால் கதை பயனற்றது என்று நான் சொல்வதாகக் கொள்ளற்க. கதை பொய்யாகிப்போகும் இடம் ஒன்று உண்டு. அதனைப் பரமபதத்தில் காணலாம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் ஆட்டம் அது. நல்வினை ஏணியாகும், தீவினை பாம்பாகும் என்பது அக்கட்டத்தின் கதை. மிக உயர்ந்த கருத்து. ஆனால் ஆடும்போது நிகழ்வது என்ன? ஆடுபவர் நல்வினையும் செய்வதில்லை, தீவினையும் செய்வதில்லை. தாயக்கட்டையை உருட்டுகிறார், விழுந்த எண்ணுக்கு நகர்கிறார். பொய் சொல்லாதவனைப் பாம்பு கடிக்கிறது. ஏமாற்றுபவனை ஏணி தூக்குகிறது. கதை ‘உன் செயலுக்கு ஏற்ற பயன்’ என்கிறது. ஆட்டமோ ‘உன் கையில் எதுவும் இல்லை’ என்கிறது. பிள்ளையின் நெஞ்சில் பதிவது இரண்டாவதே. இவ்வாட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்றது. அங்கு முதலில் அந்நாட்டு ஒழுக்கங்களைக் கட்டங்களில் எழுதினர். நாளடைவில் அவையும் மறைந்து, பாம்பும் ஏணியும் எண்களுமே எஞ்சின. ஆட்டத்தோடு ஒட்டாத கதை தானே உதிர்ந்துவிட்டது.

இதே முரண்பாட்டை 2007இல் கிளின்ட் ஹாக்கிங் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் ‘பயோஷாக்’ என்னும் விளையாட்டில் கண்டு எழுதினார். தன்னலம் மிகுந்தால் ஒரு நகரம் எப்படி அழியும் என்பது அதன் கதை. ஆடுபவருக்கோ, ஆட்டத்தின் விதி தன்னலத்துக்குப் பரிசு தருகிறது; கதையோ கேள்வி கேட்காமல் பிறருக்கு உதவச் சொல்கிறது. கதையும் ஆட்டமும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. உலகத் திறனாய்வாளர் இதற்கொரு நீண்ட பெயர் சூட்டி வழங்குகின்றனர். நம் பாட்டிமார் பரமபதப் படத்தின் முன் அமர்ந்து, ‘இது என்னடா நியாயம்!’ என்று சிரித்ததும் இதே குற்றச்சாட்டுத்தான்.

முன்னர்க் குறிப்பிட்ட தமிழ்ச் சான்றுக்கு இப்போது வரலாம். கனடா நாட்டின் டொராண்டோ நகரிலுள்ள ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு குழுவினர் 2023 சூலை 31 அன்று ‘வெண்பா’ என்னும் காணொலி விளையாட்டை வெளியிட்டனர். 1988இல் தொடங்கும் கதை. தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா என்ற பெண், அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின். மொழியும் உணவும் தலைமுறைக்குத் தலைமுறை கைநழுவிப்போவதைப் பற்றிய கதை. 2024இல் சுயேச்சை விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும்பரிசையும், பிரித்தானியத் திரைக்கழகமான பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும் அது பெற்றது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் அடுக்களை உலகப் பரிசு பெற்றது குறித்துத் தமிழ்த்துறைகளில் எத்தனை பேர் பேசினோம்?

கதைப் பக்கம் நிற்பவர்கள் ‘வெண்பா’வைத் தம் வெற்றிக்கொடியாக ஏந்துவர். முழுவதும் ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். ஆட்டம் மிகக் குறைவு. கண்ணீர் வரவழைப்பது கதையே என்பர். எதிரணியினர் இதனையே குறையாகச் சொல்லி, ‘இது விளையாட்டா, படக்கதையா?’ என்று கேட்டனர். இரு திறத்தாரும் அந்த விளையாட்டின் அடுக்களையை ஊன்றிக் கவனிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெண்பாவிடம் தாய் தந்த சமையற்குறிப்பு ஏடு ஒன்று இருக்கிறது. அதன் பக்கங்கள் கிழிந்தும் கறைபட்டும் கிடக்கின்றன. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் ஏறும் என்ற வரி அழிந்துபோயிருக்கிறது. புட்டுக்குழலில் எது முதலில், எது பின்னர் என்பது தெளிவாக இல்லை. ஆடுபவர் அந்த ஏட்டின் இடைவெளிகளைத் தம் அறிவால் நிரப்பிச் சமைக்க வேண்டும். தவறினால் மீண்டும் தொடங்கலாம். ஆட்டம் இவ்வளவே. ஆனால் கதை எதைப் பற்றியது? தாயிடமிருந்து வந்த ஒன்று பாதி அழிந்து கையில் கிடக்கிறது. எஞ்சியதை வைத்து அழிந்ததை மீட்க முயல்கிறோம். கதையும் அதுவே, ஆட்டமும் அதுவே. வளர்ந்த கவின் அந்த ஏட்டைக் கையில் எடுக்கும் பகுதியில் ஆடுபவர் அவனுடைய அரைகுறைத் தமிழோடு தடுமாற வேண்டியிருக்கிறது. மொழி இழப்பைப் பற்றி நூறு பக்கம் எழுதியும் உணர்த்த முடியாததை, படிக்க இயலாத ஒரு சமையற்குறிப்பு உணர்த்திவிடுகிறது. ஆகவே அங்கே வென்றது ஆட்டத்தை ஒதுக்கிய கதையன்று. ஆட்டத்தின் விதியாகவே மாறிவிட்ட கதை.

குறையும் உண்டு. சமையலுக்கும் சமையலுக்கும் இடையே உரையாடல்கள் ஓடும்போது ஆடுபவர் பொத்தானை அழுத்தி அடுத்த வரிக்குச் செல்வதைத் தவிரச் செய்வதற்கொன்றுமில்லை. அங்கெல்லாம் அது நல்ல சிறுகதை, விளையாட்டன்று. நினைவில் நிற்பவை அப்பகுதிகள் அல்ல, இட்லித் தட்டும் புட்டுக்குழலுமே என்பது என் எண்ணம். வேறு விதமாக உணர்ந்தவர்களும் இருப்பர்.

அப்பெயரையும் சிறிது எண்ணிப் பார்க்கலாம். கதைத்தலைவியின் பெயர் வெண்பா. யாப்பு வகைகளுள் மிகக் கட்டுப்பாடுடையது வெண்பா. வெண்டளை பிறழக் கூடாது. ஈற்றடி முச்சீரால் வர வேண்டும். இறுதிச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடிய வேண்டும். ஈற்றடியைக் கொடுத்துப் பாடச் சொல்வதும், கொடுத்தவரே திகைக்கக் காளமேகம் பாடி முடித்ததாக வழங்கும் செய்திகளும் விளையாட்டல்லாமல் வேறென்ன? யாப்பு விளையாட்டின் விதி. பொருள் அதன் கதை. நல்ல வெண்பாவில் பொருளை வெளியே எடுத்து உரைநடையில் வைத்துப் பாருங்கள், பாதி போய்விடும். சிலேடை வெண்பாவிலோ முழுவதுமே போய்விடும். புகழேந்தி நளன் கதையை வெண்பாவிலே சொன்னார். நளனின் வாழ்வு திரும்பும் இடம் ஒரு சூதாட்டம் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. விடுகதையை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். அதில் நிகழ்ச்சி இல்லை, மாந்தர் இல்லை. இருந்தும் தமிழர் அதனைக் ‘கதை’ என்றே அழைத்தனர். அவிழ்ப்பவர் முயன்று அவிழ்க்கும்போது மட்டுமே முழுமையாகும் கதை அது.

பிறநாட்டுச் சான்று ஒன்று. 2013இல் லூக்காஸ் போப் என்பவர் தனியொருவராக உருவாக்கிய ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ விளையாட்டில் ஆடுபவர் ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி அலுவலர். வருபவரின் தாள்களைச் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரை முறையாகச் சோதித்தாரோ அதற்கேற்பக் கூலி. அக்கூலியில்தான் வீட்டுக்கு உணவும் கணப்பும் மருந்தும். ஒருநாள் கணவன் ஒருவன் முறையான தாள்களோடு உள்ளே போகிறான். பின்னால் வரும் அவன் மனைவியிடம் ஒரு தாள் குறைகிறது. விட்டால் அலுவலருக்கு எச்சரிக்கை வரும்; எச்சரிக்கைகள் மிகுந்தால் தண்டம்; தண்டம் கட்டினால் அலுவலரின் பிள்ளைக்கு இரவு உணவில்லை. ஈவிரக்கமின்மை எப்படிப் பிறக்கிறது என்று அந்த விளையாட்டு எவ்விடத்தும் சொற்பொழிவாற்றவில்லை. ஆடுபவரின் கை முத்திரையை எடுக்கிறது. எந்த முத்திரை என்பதை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அரசு அலுவலகத்துச் சாளரத்தின் முன் தாளோடு நின்று பழகிய நம் மக்களுக்கு அச்சாளரத்தின் மறுபுறம் உட்கார வாய்ப்பளிக்கும் விளையாட்டு இது.

இதனை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ் மரபைக் காணொலி விளையாட்டாக்க வேண்டும் என்ற ஆர்வம் இன்று இளைஞரிடையே வளர்ந்துவருகிறது. தருமபுரியிலிருந்து பெங்களூருக்கும் கோவைக்கும் கணினி வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் பலர் அதைப் பேசுகிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் அவர்கள் காட்டும் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஓடிக் குதித்து வாள்வீசும் அயல்நாட்டு விளையாட்டு ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்வது, வீரனுக்குச் சோழன் என்று பெயரிடுவது, பின்னணியில் கோபுரம் வரைவது, பறையொலி சேர்ப்பது. கண்ணகிக்குச் சிலம்பை ஓர் ஆயுதமாகக் கொடுத்து மதுரை வீதியில் எதிரிகளைச் சுழற்றியடிக்க விட்டால் சிலப்பதிகாரம் விளையாட்டாகிவிடுமா? கண்ணகியின் வழக்கு ஒரு வழக்குரை. சிலம்பினுள் இருப்பது முத்தா, மாணிக்கமா என்பதே அதன் முடிச்சு. சான்றும் வினாவும் விடையுமாக அவையில் நிகழ்வது அது. அந்த வாதத்தை ஆடுபவர் தாமே நிகழ்த்தும்படி விதி அமைத்தால், வாள் தேவையில்லை.

2020இல் புனேயைச் சேர்ந்த ‘நாடிங் ஹெட்ஸ்’ குழுவினர் வெளியிட்ட ‘ராஜி’ இந்திய ஓவிய மரபையும் கட்டடக்கலையையும் கண்கொள்ளாக் காட்சியாகத் தந்தது. அதன் அழகை நான் குறைத்துக் கூற மாட்டேன். ஆயினும் ஆடுபவர் கையால் செய்வது பிறநாட்டு விளையாட்டுகளில் பலமுறை செய்த சண்டையே. அச்சண்டைக்குரிய சுவர் ஓவியங்களை மாற்றினால் அது கிரேக்க விளையாட்டாகிவிடும். ஆடுபுலி ஆட்டத்தின் விதியை மாற்றாமல் அதனை வேறெந்த நாட்டுக் கதையாகச் சொன்னாலும், சிலர் கையில் வலிமையும் பலர் கையில் எண்ணிக்கையும் என்ற அதன் உட்பொருள் மாறாது. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை நம் பிள்ளைகள் உணர வேண்டும் என்பதே என் வேட்கை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஏரியூரையே காட்டுவேன். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபோது காவிரிக்கரை ஊர்கள் பல நீருக்குள் போயின. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறித்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே தெரியும். நீர் ஏறினால் மறையும். நீர் இறங்க இறங்க வெளிப்படும் வண்டல் நிலத்தில் கரையோர மக்கள் பயிர் செய்கிறார்கள். மேலே கர்நாடகத்தில் எப்போது மழை பெய்யும், அணைகளை எப்போது திறப்பார்கள் என்பது அவர்கள் கையில் இல்லை. விதைக்கலாமா, காத்திருக்கலாமா? ஆழத்தில் இறங்கிச் செழித்த வண்டலில் விதைப்பதா, கரையோரத்தில் மேட்டில் விதைத்துக் குறைந்த விளைச்சலோடு நிம்மதியாக இருப்பதா? கேழ்வரகு கதிர்முற்ற மூன்று மாதத்துக்கு மேலாகும். நீர் அதற்குள் வந்தால் கதிரோடு மூழ்கும். வராமலே போனால் அண்டை வீட்டார் இறங்கி விதைத்த நிலத்தைப் பார்த்து ஏங்க வேண்டும்.

இதில் சோழனும் இல்லை, வாளும் இல்லை. நீர்மட்டம் என்ற ஒரே எண், நிலத்தின் ஆழம், பயிரின் நாள் என்ற மூன்றும் போதும். ஆடுபவர் மூன்றாம் பருவத்தில் இறங்கி இறங்கிப் போய் நந்தி தெரியும் இடம்வரை விதைத்திருப்பார். அப்போது திரையில் நீர்மட்டம் ஓரடி ஏறும்.